மூச்சு விடாத கப்பல்

அவளுக்கும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் டப்பிங் கூடத்துக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்துப் பாருங்கள், வாசலில் உட்கார்ந்திருப்பவர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்படி யாரும் இங்கே இல்லை என்பார். அங்கே அவள் கப்பலம்மா. பத்தொன்பது வருடமாகக் கப்பலம்மாதான். கப்பலம்மா என்றால் கப்பல் வைத்திருப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டைத் தோணிகூடக் கிடையாது. மூன்றாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு, அதுவும் வாடகைக்கு.

'ஏழாம் கலம்' என்று வெளிநாட்டிலிருந்து வருகிற ஒரு விண்வெளித் தொடர். பூமியிலிருந்து கிளம்பிய பிரம்மாண்டமான கப்பல் ஒன்று வழி தவறிப்போய், பத்தொன்பது பாகமாக வீடு திரும்ப முடியாமல் வானத்தில் அலைகிறது. கேப்டன்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். இடையில் மூன்று சினிமா, குழந்தைகளுக்கான பொம்மைப்படம் ஒன்று என்று கிளை கிளையாக விரிந்துவிட்டது. மாறாமல் இருந்தது கப்பல் மட்டும்தான். அந்தக் கப்பல் பேசும். கதவைத் திறப்பதும் மூடுவதும், காற்று எவ்வளவு மிச்சம் என்று அறிவிப்பதும் அதன் வேலை. நம் மொழியில் அந்தக் கப்பலுக்குக் குரல் கொடுத்தவள் இவள்.

இதெல்லாம் காதில் பூச்சுற்றுகிற சமாசாரம் என்பது கப்பலம்மாவின் தீர்மானமான கருத்து. பத்தொன்பது வருடத்தில் ஒரு பாகத்தைக்கூட அவள் முழுசாகப் பார்த்தது கிடையாது. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கூடத்தின் வேலைமுறை அப்படி. கதை வெளியே கசிந்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனத்தை மட்டும்தான் கொடுப்பார்கள். எதிரே இருப்பவர் என்ன கேட்டார் என்பது தெரியாது, பதிலை மட்டும் சொல்லிவிட்டு வர வேண்டும். திரையில் அந்தத் துண்டு நாலைந்து நொடி ஓடும். மற்றவர்களுக்காவது உதட்டசைவைப் பார்க்கிற வேலை இருந்தது. கப்பலுக்கு ஏது உதடு? சிவப்பு விளக்கு எரிந்ததும் பேச வேண்டும், அணைந்ததும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. எட்டடிக்கு ஆறடி. சுவர் முழுக்கக் கருப்பு ஸ்பாஞ்சு. கதவு ஒரு ஜாண் கனம், மூடினால் காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும். சத்தம் வரும் என்று மின்விசிறி போட மாட்டார்கள். வளையல் கூடாது, மொடமொடவென்ற புடவை கூடாது. சாப்பிட்ட கையோடு வந்தாலும் வம்பு, பட்டினியாக வந்தாலும் வம்பு. வயிறு போடுகிற சத்தம் மைக்கில் துல்லியமாக விழும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் அவளுக்கு மட்டும் உண்டு. கப்பல் மூச்சு விடக்கூடாது. மனிதர்கள் பேசும்போது நடுவில் மூச்சு வாங்கினால் இயல்பு, எந்திரம் வாங்கினால் அபத்தம். அதனால் எவ்வளவு நீள வசனமானாலும் முன்கூட்டியே நெஞ்சு நிறைய இழுத்து வைத்துக்கொண்டு, கடைசிச் சொல்வரை விடாமல் பிடித்திருப்பாள். பழகிப் பழகி வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. பேசி முடித்த பிறகுதான் மூச்சு வரும்.

வேறு வேலை தேடிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தேடாமல் இருந்தாளா என்ன? ஆறாவது பாகம் வந்தபோது ஒரு மருந்து விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தைக் காட்டி வாயை அடைத்துவிட்டது கம்பெனி. கப்பலின் குரல் வேறெங்கும் கேட்கக் கூடாதாம். பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லக்கூட அனுமதி இல்லை. விட்டுத் தொலைக்கலாம் என்றால் தொடர் முடிந்து இரண்டு வருடம்வரை வேறெங்கும் வாய் திறக்க முடியாது. தொடரோ முடிகிற வழியாக இல்லை. எழுதுகிறவர்களுக்கும் வழி தெரியவில்லை போல என்று அவள் எரிச்சலோடு சொல்வாள். ஆக, செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கருப்பு அறை. மற்ற நாளெல்லாம் மூன்றாவது மாடி.

மூன்றாவது மாடிக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவர் இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், மகள் அளந்து சொல்லியிருந்தாள். மகள் நில அளவை படித்தவள். படிக்கும் காலத்தில் நாடாவைக் கையில் எடுத்தாள் என்றால் சோறு வடிக்கிற பாத்திரத்தைக்கூட விட மாட்டாள். இந்த வீட்டில் ஒரு ஆள் நேராக நடக்கக்கூடிய அதிகபட்ச தூரம் ஆறரை மீட்டர், அதுக்கே நடுவில் கட்டில் இடிக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு சாயங்காலம் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்குப் போய்விட்டு இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். போனவன் போனவன்தான். வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறான் என்று இரண்டு வருடம் கழித்துச் சேதி வந்தது. அவன் போன அதே மாதம்தான் அவள் கப்பலானாள். அன்றிலிருந்து அவளும் மகளும்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டுப் பத்து நிமிடம் தாமதித்தால் இவளுக்கு ஈரக்குலை நடுங்கும். மகள் தூங்கும்போது மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். பெண்ணுக்கு இருபத்துமூன்று வயதான பிறகும் கேட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அம்மா மகளின் குரலில் பேசுவாள், மகள் அம்மாவின் குரலில் பேசுவாள். அம்மாவுக்கு அது கைவந்த கலை. கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டினால் உள்ளிருந்து மகள் மாதிரியே, "அம்மா குளிக்கறாங்க ஆன்ட்டி, அப்புறம் வாங்க" என்று குரல் கொடுத்து அனுப்பிவிடுவாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த விளையாட்டுதான் வினையாகிப் போனது.

வடக்கே தூரத்தில், ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போகிற ஊரில், பாலம் கட்டுகிற நிறுவனம் ஒன்றில் மகள் நேர்காணலுக்குப் போய் வந்தாள். ஆற்றின் இரண்டு கரையையும் அளக்கிற வேலை. வந்ததிலிருந்து அதே பேச்சுத்தான். அங்கே நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் எதுவும் மறைக்காதாம்மா, கருவியை வைத்தால் ரெண்டு கிலோமீட்டருக்கு அந்தாண்ட நிற்கிற குச்சி தெரியுமாம்மா என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். கப்பலம்மா தலையை ஆட்டினாள். அவள் காதில் விழுந்தது ரெண்டு கிலோமீட்டர் இல்லை. ஒரு பகல், ஒரு இரவு.

நேர்காணல் முடிந்த மூன்றாம் வாரம் மகளின் கைபேசி வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் பழுது பார்க்கிற கடைக்குப் போயிருந்த நேரம், காலை பதினோரு மணி, அம்மாவின் கைபேசி அடித்தது. விண்ணப்பத்தில் இரண்டாவது எண்ணாக அதைக் கொடுத்திருந்தாள் மகள். மறுமுனையில் ஒரு பெண்மணி, நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து. நேர்காணலுக்கு வந்த பெண் நீங்கள்தானே என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றாள் கப்பலம்மா, மகளின் குரலில்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. யோசித்துச் செய்த காரியம் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும் வாய் தானாகத் திறக்குமே, அந்த மாதிரி. வேலைக்கு எடுத்துக்கொண்டாயிற்று, பத்து நாளில் வந்து சேர முடியுமா என்று அந்தப் பெண்மணி கேட்டாள். கேள்வி முடிவதற்குள் பதில் தயாராக இருந்தது.

"இல்லீங்க, வேணாம். எங்க அம்மாவ விட்டுட்டு என்னால வர முடியாது."

சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். கைபேசியை மேசைமேல் வைத்தாள். உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்த எண்ணை அழித்துவிட்டு, பருப்பை அடுப்பில் ஏற்றினாள். கெட்டவள் என்று சொல்லிவிடுவது சுலபம். சொல்லிக்கொள்ளுங்கள். அவளும் தன்னை அதைவிட மோசமாகத்தான் சொல்லிக்கொண்டாள், ஆனால் மனசுக்குள்.

மகள் காத்திருந்தாள். நாலு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. கைபேசி சரியாகி வந்தது, அதை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். பத்து நாள் போன பிறகு ஒருநாள் மத்தியானம் வெளியே போய்விட்டு வந்தாள், முகம் செத்திருந்தது. என்னடி என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள் என நினைத்துக் கப்பலம்மாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் குறுகுறுப்பு. அன்றிலிருந்து மகள் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. ஒரு தடவை மட்டும் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஏம்மா, இப்பல்லாம் நீ என் குரல்ல பேசறதே இல்ல?"

வயசாகிவிட்டதல்லவா, தொண்டை முன்போல் இல்லை என்று அம்மா சமாளித்தாள்.

இந்த லட்சணத்தில்தான் கடைசிப் பாகம் வந்தது. ஆமாம், ஒருவழியாக முடிக்கப் போகிறார்கள். கூடத்தில் வசனகர்த்தா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அறுபது தாண்டியவர், முதல் பாகத்திலிருந்து நம் மொழியில் வசனம் எழுதுகிறவர், பேச வைக்கிறவரும் அவர்தான். இந்தத் தடவை கப்பலுக்குப் பெரிய காட்சி ஒன்று இருக்கிறது என்று சொல்லித் தாளை நீட்டினார். கப்பலம்மா படித்தாள்.

'இரண்டாம் வருடத்திலேயே பூமிக்கு வழி தெரிந்துவிட்டது, கேப்டன். நான்தான் சொல்லவில்லை.'

அறைக்குள் போனாள், கதவு மூடியது, விளக்கு எரிந்தது. எப்போதும்போல ஒரே மூச்சில் சொன்னாள். சரியாக வரவில்லை. மறுபடி சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு எஞ்சினியர் தலையைச் சொறிந்தார். பதினைந்தாவது டேக்கில் வேர்வை கண்ணில் இறங்கியது. இருபத்தேழாவது டேக்கில் வசனகர்த்தா மைக்கை அழுத்தினார்.

"கப்பலம்மா, ரயில் தாமதம்னு சொல்ற மாதிரி சொல்றீங்க. அது பதினேழு வருஷமா மறைச்சு வச்ச விஷயம்மா."

எந்திரத்துக்கு என்ன சார் மறைப்பு என்று இவள் கேட்டாள், கொஞ்சம் கோபமாகவே. வசனகர்த்தா, நீங்கள் இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். தன்னைத்தான் நொந்துகொண்டார். மூன்று வாரம் தருகிறேன், வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து பாருங்கள், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அதைச் சொன்னபோது மகள் நிமிர்ந்து பார்த்தாள். மகள்தான் அந்தத் தொடரில் ஊறிப்போனவளாயிற்றே. அம்மாவின் குரல் வருகிறது என்று குழந்தையில் பார்க்க ஆரம்பித்து, விவரம் தெரிந்த பிறகு அசல் மொழியிலும் பார்த்து, பாகம் பாகமாகத் தலைகீழாகச் சொல்வாள். இத்தனை வருடம் அவள் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தால், உனக்கு வேற வேலை இல்லையா என்று அம்மா அடக்கிவிடுவாள். இப்போது மகள் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு, முதல் பாகத்தைப் போட்டாள்.

பகல் முழுக்கப் பார்த்தார்கள். முதல் இரண்டு நாள் கப்பலம்மாவுக்குக் கொட்டாவிதான். நெற்றியில் ரப்பர் ஒட்டிய ஆட்கள், ஆட்டுக்கல் மாதிரி ஒரு கிரகம், அதில் அட்டைப்பெட்டிப் பாறைகள். இதற்கா ஊரே பைத்தியமாக அலைகிறது என்று நினைத்தாள். மகள் வற்புறுத்தவில்லை. எங்கெங்கோ நிறுத்தி ஒன்றிரண்டு வார்த்தை சொல்வாள், மறுபடி ஓட விடுவாள்.

ஒவ்வொரு பாகத்திலும் ஒவ்வொரு கதையின் முடிவிலும் கப்பலுக்கு ஒரே வசனம் வரும். 'கலத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேரின் மூச்சு பதிவாகிறது.' ஆள் செத்தால் எண் குறையும், குழந்தை பிறந்தால் கூடும். கப்பலம்மா அதை இருநூறு தடவையாவது சொல்லியிருப்பாள். நேரத்தை நிரப்ப எழுதியது என்றுதான் நினைத்திருந்தாள். மூன்றாம் நாள் அந்த இடத்தில் மகள் படத்தை நிறுத்தினாள்.

"இது வெறும் எண்ணிக்கை இல்லம்மா. அதுக்குன்னு மூச்சு கெடையாது. இவங்க மூச்சத்தான் எண்ணிட்டுக் கெடக்குது."

கப்பலம்மாவுக்குச் சுருக்கென்றது. தினமும் மகள் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுப்பவள் அல்லவா அவள்.

அதற்குப் பிறகு கொட்டாவி வரவில்லை. ரப்பர் நெற்றிகளும் அட்டைப் பாறைகளும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. கதவு மூடுகிற ஒவ்வொரு தடவையும் தன் குரல் 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று சொல்வதைக் கேட்டாள். எதிலிருந்து பாதுகாப்பு என்று கவனித்தாள். வெளியே பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஐந்தாம் பாகத்தில் ஒரு சமையல்காரர் தப்பித்துப் போகச் சின்னப் படகு ஒன்றைக் களவாகச் செப்பனிடுகிறார். கப்பல் அவரோடு நயமாகப் பேசிக்கொண்டே எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக வடித்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது விபத்து மாதிரிதான் தெரியும். கூர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். இதைப் போன்ற இடங்கள் பாகத்துக்குப் பாகம் ஒளிந்திருந்தன. எழுதியவர்கள் முதல் நாளிலிருந்தே தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அவள்தான் பத்தொன்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்திருக்கிறாள்.

இரண்டாம் வாரத்தில் மகள் ஒரு காட்சியைப் போட்டாள். கேப்டன் கேட்கிறார், பூமிக்கு வழி தெரிகிறதா என்று. கப்பல் சொல்கிறது, வழி எதுவும் தென்படவில்லை, கேப்டன். கப்பலம்மாவின் குரல். பிறகு மகள் அதே காட்சியை அசல் குரலில் போட்டாள். கேப்டன் கேட்கிறார். கப்பல் பேசவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. அப்புறம்தான் சொல்கிறது.

"பாத்தியா? ஒரிஜினல்ல பொய் சொல்றதுக்கு முன்னாடி அது ரெண்டு செகண்ட் நிக்குதும்மா. ஒவ்வொரு தடவையும். உன் கப்பல் மட்டும்தான் நிக்காமப் பொய் சொல்லுது."

இடைவெளி விடாமல் டக்கென்று பதில் சொல்வதுதான் தன் திறமை என்று இத்தனை காலமும் அவளுக்கு ஒரு பெருமை. இரண்டாம் பாகத்தின்போது அந்த இரண்டு நொடியைப் பார்த்துவிட்டு, ஏதோ படம் இழுக்கிறது, எந்திரம் எதற்கு யோசிக்கப் போகிறது என்று அவளாகவே வசனத்தை முன்னால் தள்ளிப் பேசினாள். எஞ்சினியரும் சரி என்றார், வசனகர்த்தாவும் விட்டுவிட்டார். அப்படியே நிலைத்துவிட்டது. நம் மொழியில் பார்த்த ஒருத்தருக்கும் கப்பல் பொய் சொல்கிறது என்ற சந்தேகமே வராமல் செய்துவிட்டாள். நேர்காணல் அலுவலகத்துப் பெண்மணியிடமும் அவள் நிற்கவே இல்லை.

கப்பல் ஏன் மறைத்தது என்று கேட்டாள். மகள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பூமி வந்துட்டா எல்லாரும் எறங்கிடுவாங்க. அப்புறம் அது காலி. கெட்ட கப்பல் இல்லம்மா அது. பயந்த கப்பல்."

அன்று கப்பலம்மா சாப்பிடவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. தட்டைக் கழுவும்போது ஒரு தடவை, துணி எடுக்கும்போது ஒரு தடவை, வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பியது. சொன்னால் மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மகள் இந்த ஆறரை மீட்டருக்குள் கிடந்து வதங்குவாள், அதைத் தினமும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பல்லைக் கடித்துக்கொண்டு மீதிப் பாகங்களைப் பார்த்தாள்.

மூன்று வாரம் முடிந்த வியாழக்கிழமை, முறையில்லாத நாளில், அவளாகவே கூடத்துக்குப் போனாள். அறைக்குள் நுழைந்தாள். கதவு மூடியது. விளக்கு எரிந்தது. அவள் பேசவில்லை. எஞ்சினியர் பதற்றமாகக் கையை ஆட்டினார், வசனகர்த்தா அவர் தோளைப் பிடித்து அமர்த்தினார். சற்று நின்றுவிட்டு, சொன்னாள். 'இரண்டாம் வருடத்திலேயே பூமிக்கு வழி தெரிந்துவிட்டது, கேப்டன்.' நடுவில் மூச்சு வாங்கினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மூக்கால் இழுத்து வாங்கினாள். 'நான்தான் சொல்லவில்லை.'

ஒரே டேக். எஞ்சினியர் எழுந்து நின்றுவிட்டார். அக்கா, அந்த மூச்சை வெட்டவே மாட்டேன் என்றார். வசனகர்த்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கப்பலம்மாவுக்கு அந்தக் கைதட்டல் செருப்படி மாதிரி இருந்தது. யாரோ எழுதிக்கொடுத்ததை யாரோ ஒரு கேப்டனிடம் சொல்லிவிட்டு நிற்கிறாள், சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை.

மாடிப்படிக்கு வந்து, பாலம் கட்டுகிற நிறுவனத்தின் எண்ணை விசாரித்து வாங்கிக் கூப்பிட்டாள். அதே பெண்மணிதான் எடுத்தாள். தான் அந்தப் பெண்ணின் அம்மா என்று சொல்லிக்கொண்டு, இடம் இன்னும் இருக்கிறதா, மகள் வருவாள், தயவுசெய்து பாருங்கள் என்று கெஞ்சினாள். அந்தப் பெண்மணிக்குக் குழப்பம்.

"உங்க பொண்ணுதான் போன மாசமே கூப்பிட்டாங்களேம்மா. 'நீங்கதானே அம்மாவ விட்டுட்டு வர முடியாதுன்னு சொன்னீங்க'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, லைன் போயிடுச்சோன்னு நெனச்சேன். அப்புறம், ஆமாங்க, நான்தான் சொன்னேன், இப்ப வர முடியும்னாங்க. அடுத்த அணியில சேத்திருக்கோம். வர்ற திங்கள் வந்து சேரணும், அவங்களுக்குத் தெரியுமே."

கப்பலம்மா அழைப்பைத் துண்டித்தாள். போன மாதம். முகம் செத்துத் திரும்பி வந்தாளே, அந்த மத்தியானம். அப்படியானால் முதல் பாகத்தைப் போட்டபோது மகளுக்குத் தெரியும். மூச்சை எண்ணுகிறது என்று சொன்னபோது தெரியும். பயந்த கப்பல் என்று சொன்னபோதும் தெரியும். மூன்று வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்தி, இவள் வாய் திறக்கக் காத்திருந்திருக்கிறாள். அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் அந்தப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மகள் ஜன்னலை ஒட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கப்பலம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு அறையில் நின்றாள்.

"அந்த அழைப்பை எடுத்தது நான். மறுத்ததும் நான்."

வந்தது கப்பலின் குரல். ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு இல்லாமல், ஒழுங்கான வாக்கியங்களாக. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"கப்பல் குரல்ல வேணாம்மா. என் குரல்லயும் வேணாம். உன் குரல்ல சொல்லு."

அவளுடைய குரல் எது? பத்தொன்பது வருடத்தில் அதை எங்கே வைத்தாள்? வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். கரகரவென்று, உடைந்து, நடுநடுவே விம்மலோடு ஒன்று வந்தது.

"நான்தான் ஃபோன எடுத்தேன். நீ பேசற மாதிரி பேசினேன். வேணாம்னு சொல்லிட்டேன். நீ போயிட்டா… நான் இந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டு என்னடி பண்ணுவேன்? பயம். வேற ஒண்ணும் இல்ல. பயம்."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் இவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அம்மாவ விட்டுட்டு வர முடியாதுன்னு நான் சொல்லணும்னு உனக்கு அவ்வளவு ஆசையாம்மா?"

"ஆமா" என்றாள் கப்பலம்மா. இனி எதை மறைக்க?

திங்கள் சேர வேண்டும், சனிக்கிழமை காலை வண்டி, டிக்கெட் எடுத்து ரெண்டு வாரமாகிறது என்று மகள் சொன்னாள். பெட்டி எங்கே என்று அம்மா கேட்டாள். கட்டிலுக்கு அடியில் என்றாள் மகள், மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறது. மூச்சைக்கூட எண்ணுகிறவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நீ சொல்றியான்னு பாத்தேன். சனிக்கெழமைக்குள்ள சொல்லலன்னா, கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுக் கெளம்பறதா இருந்தேன்."

அந்த வார்த்தைகள் அறையில் கிடந்தன. இரண்டு பேருமே அவை யாருடையவை என்று சொல்லிக்கொள்ளவில்லை. கப்பலம்மா குனிந்து செருப்பின் வாரைக் கழற்றினாள். பெட்டியை இழுத்து, கம்பளிச் சட்டை வைத்திருக்கிறாளா என்று திறந்து பார்த்தாள். வைத்திருந்தாள். தனக்கு அதில் செய்வதற்கு எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை என்று தெரிந்ததும் மூடிவிட்டாள்.

"வண்டி எத்தன மணிக்கு?"

ஆறு இருபதுக்கு என்றாள் மகள்.

"ஸ்டேஷனுக்கு நானும் வரட்டுமா?"

மகள் உடனே பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"வாம்மா" என்றாள்.

இரண்டு நொடி நின்றுவிட்டுத்தான் சொன்னாள். எண்ணாமல் இருக்கக் கப்பலம்மாவால் முடியவில்லை.